அனுமதி கொடுப்பவர் ஒருவர், அம்பலமாவோர் பலர்: மூன்றாம் தரப்புச் செயலிகளும் நமது தொடர்புப் பட்டியலும்

கேம்பிரிட்ஜ் அனாலிட்டிக்கா விவகாரம் வெளிவந்த சில வாரங்களில், 2018 ஏப்ரலில், முகநூல் நிறுவனம் இந்தியா தொடர்பாக இரண்டு எண்களை வெளியிட்டது. பயனரின் ஆளுமையைக் கணித்துச் சொல்வதாக அழைத்த ‘திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்’ என்னும் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அச்செயலியின் வழியே தரவு வெளியேறியிருக்கக்கூடிய இந்தியர்களோ 5,62,455 பேர். உலக அளவில் சுமார் 2.7 இலட்சம் பேர் நிறுவிய ஒரு செயலி, 8.7 கோடிப் பேர் வரை எட்டியது.

அந்த ஐந்தரை இலட்சம் பேரில் ஏறத்தாழ எல்லோரும் எந்தக் கேள்விக்கும் விடையளிக்காதவர்கள். எந்த ஒப்புதல் பொத்தானையும் அழுத்தாதவர்கள். செயலியை நிறுவிய யாரோ ஒருவருக்கு முகநூலில் நண்பராக இருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைய முகநூல் விதிகளின்படி, ஒரு பயனர் தன் தரவோடு தன் நண்பர்களின் தரவையும் வெளியாரின் செயலிக்குத் திறந்துவிட முடிந்தது. 2014 ஏப்ரலில் அந்தக் கதவை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய செயலிகளுக்கு மேலும் ஓராண்டு அவகாசமும் கொடுத்தது. அதற்குள் அள்ள வேண்டியவை அள்ளப்பட்டிருந்தன.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இதை நினைவூட்டக் காரணம் உண்டு. நண்பர் பட்டியலின் வழியாக இருந்த கதவு மூடப்பட்டது. கைப்பேசியின் தொடர்புப் பட்டியல் வழியாக இருக்கும் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. சமூக ஊடகத்தைச் சுற்றி முளைக்கும் வெளியார் செயலிகள், அதாவது மாற்றப்பட்ட வாட்ஸ்அப், காணொளியைப் பதிவிறக்கித் தரும் செயலி, நீக்கப்பட்ட செய்தியைக் காட்டும் செயலி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றுள் பெரும்பாலானவை முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்துபவர் ஒருவர். அதன் விளைவு அவருடைய பட்டியலில் உள்ள எல்லோர் மீதும் விழுகிறது.

நம் பட்டியலில் இருப்பவர்கள் யார்?

பொதுவாக இணையப் பாதுகாப்புக் குறித்து எழுதப்படுபவை, வங்கிக் கணக்கும் தனிப்பட்ட புகைப்படங்களும் பறிபோவதைப் பற்றியே பேசுகின்றன. அவை முக்கியமல்ல என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாதிய வன்கொடுமைக்கு எதிரான பணியில் இருப்பவரின் கைப்பேசியில் வேறு வகையான செல்வம் இருக்கிறது. ஒரு வழக்கின் புகார்தாரர், அவருடைய அண்ணன், சம்பவத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், உள்ளூரில் யாருக்கும் தெரியாமல் தகவல் தரும் ஆதிக்கச் சாதி நண்பர், அரசு வழக்கறிஞர், உடற்கூறாய்வு நடந்த மருத்துவமனையின் ஊழியர் என அந்தப் பட்டியலே ஒரு வழக்கின் வரைபடம். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வெளியேறிய இணையருக்கு அடைக்கலம் தந்தவரின் எண்ணும் அதில் இருக்கும். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது குறித்து மாநில அரசுகளுக்கு அறிவுறுத்தியது. பாதுகாப்பு இல்லத்தின் முகவரியைக் காவல்துறை மறைத்து வைக்கலாம். அவர்களோடு நாள்தோறும் பேசும் நண்பரின் கைப்பேசி அதே இரகசியத்தைக் காக்கிறதா என்பது தனிக் கேள்வி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளை வகுக்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கவும், அவர்களுடைய அடையாளம் வெளியாகாதிருக்க ஆணையிடவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்காக நாம் மனுப் போடுகிறோம். அதே சாட்சியின் எண்ணை, ஊர்ப் பெயரையும் ‘சாட்சி’ என்ற சொல்லையும் சேர்த்துச் சேமித்து வைத்துவிட்டு, பண்டிகை வாழ்த்துப் படம் தயாரிக்கும் செயலி ஒன்றுக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிடுகிறோம்.

சாதியை வெளிப்படுத்த அத்தனை விவரம்கூடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. அது பெரும் சாதனை. ஆனால் எண்ணைச் சேமிக்கும்போது நாம் பெயரோடு ஒட்டுவன வேறு கதை சொல்கின்றன. ‘மாரி காலனி’ என்று சேமிக்கப்பட்ட ஓர் எண், அந்த மனிதரின் சாதியை அறிவித்துவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கைப்பேசிகளின் தொடர்புப் பட்டியல்களில் அச்சொல் அப்படியே இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியின் வாட்ஸ்அப் குழு, அம்பேத்கர் வாசகர் வட்டம், ஏப்ரல் 14 விழாக் குழு ஆகியவற்றின் பெயர்களும் உறுப்பினர் பட்டியலும் சேர்ந்தால், எந்தச் சாதிச் சான்றிதழும் இல்லாமலேயே ஒருவரின் சாதியைக் கணித்துவிடலாம். நகரத்தில் வாடகை வீடு தேடும்போதும் தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போதும் தன் சாதியைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை நம் இளைஞர்களுக்கு உண்டு. அந்த முடிவை அவர்களுக்காக வேறொருவரின் கைப்பேசி எடுத்துவிடுகிறது.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகளை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். இவ்வகைச் செயலிகளில் பல, தம் பயனர்களின் தொடர்புப் பட்டியல்களைத் திரட்டியே தம் பெயர்க் களஞ்சியத்தைக் கட்டின. ஆகவே நம் எண்ணுக்கு நேரே நாம் வைத்துக்கொண்ட பெயர் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. யாரோ ஒருவர் நம்மை எப்படி அழைத்தாரோ அந்தப் பெயரும் தோன்றலாம். சாதியை இழிவாக ஒட்டிச் சேமிப்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

மாற்றப்பட்ட வாட்ஸ்அப்

கல்லூரி விடுதிகளில் ‘ஜிபி வாட்ஸ்அப்’, ‘யோ வாட்ஸ்அப்’, ‘எஃப்எம் வாட்ஸ்அப்’ ஆகியவற்றைப் பயன்படுத்தாத அறையைக் காண்பது அரிது. நீல நிறக் குறியை மறைக்கலாம், எதிராளி நீக்கிய செய்தியைப் படிக்கலாம், ஒரே கைப்பேசியில் இரண்டு எண்களை வைத்துக்கொள்ளலாம், பெரிய கோப்புகளை அனுப்பலாம் என்பனவே இவற்றின் கவர்ச்சி. இவை கூகுள் பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை. ஏபிகே கோப்பாகக் கைக்குக் கை மாறுகின்றன.

வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை என்பது உண்மை. ஆனால் அந்த மறையாக்கம் காப்பது, ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொரு கைப்பேசிக்குச் செல்லும் வழியை மட்டுமே. முனையை அடைந்ததும் செய்தியைப் பூட்டிலிருந்து எடுத்துத் திரையில் காட்டுவது செயலி. அந்தச் செயலியை யார் எழுதினார் என்றே தெரியாதபோது, பூட்டு எவ்வளவு வலுவானது என்று பேசிப் பயனில்லை. 2021 ஆகஸ்டில் எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பில் ‘டிரையாடா’ என்ற நச்சு மென்பொருள் இருப்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2022 அக்டோபரில் யோ வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு, பயனரின் வாட்ஸ்அப் கணக்கை இயக்கப் போதுமான சாவிகளையே திருடி வெளியே அனுப்புவதை அவர்கள் வெளியிட்டார்கள். அதே மாதம் மெட்டா நிறுவனம், போலி வாட்ஸ்அப் செயலிகள் மூலம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைக் கைப்பற்றியதாகக் குற்றஞ்சாட்டி ‘ஹேமாட்ஸ்’ உள்ளிட்ட நிறுவனங்கள் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

யோ வாட்ஸ்அப்பின் அந்தப் பதிப்பு எந்த வழியில் பரவியது என்பதுதான் நம்மை நேரடியாகத் தொடும் செய்தி. ‘ஸ்னாப்டியூப்’ செயலியில் வந்த விளம்பரத்தின் வழியாக அது பரவியது. ‘விட்மேட்’ செயலியின் உள்ளங்காடியிலும் அதே வகை நச்சுச் செயலி ஒன்று கிடைத்தது. இரண்டும் சமூக ஊடகக் காணொளிகளைப் பதிவிறக்கப் பயன்படுபவை. நம் தோழர்கள் ஏன் அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட காட்சியைப் படமெடுத்துப் பரப்பியவர்கள் அடித்தவர்களே. அந்தக் காணொளிதான் நாடு தழுவிய எழுச்சிக்கும் காரணமாயிற்று. வன்முறையைப் பெருமையாக வெளியிடுபவர், எதிர்ப்பு எழுந்தவுடன் அதை நீக்கிவிடுவார் என்ற அனுபவம் நமக்கு உண்டு. எனவே கண்டவுடன் பதிவிறக்கி வைக்கிறோம். அந்த நியாயமான பதற்றமே நச்சு மென்பொருள் நுழையும் வாயிலாகவும் ஆகிவிடுகிறது.

மாற்றப்பட்ட செயலியை விட்டுவிடச் சொல்வது இப்போது முன்போல் கடினமில்லை. ஒரே கைப்பேசியில் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளும் வசதியை 2023 அக்டோபரில் வாட்ஸ்அப்பே ஆண்ட்ராய்டில் அறிவித்துவிட்டது. 2 ஜிபி வரையிலான கோப்புகளை அனுப்பலாம். நீலக் குறியை மறைக்கும் வசதி எப்போதோ வந்துவிட்டது. எஞ்சியிருப்பது, பிறர் நீக்கிய செய்தியைப் படிக்கும் ஆசை மட்டுமே.

அந்த ஆசைக்காகவே தனிச் செயலிகளும் இருக்கின்றன. அவை செயல்படும் விதம் எளிது: கைப்பேசிக்கு வரும் அறிவிப்புகள் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்கின்றன, செய்தி வந்தவுடன் அறிவிப்பிலிருந்து நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. அறிவிப்புகளில் வருவது வாட்ஸ்அப் செய்தி மட்டுமல்ல. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. சிக்னல் செய்தியின் முதல் வரிகளும் வருகின்றன. சிக்னலுக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் ஒரு குழுவில், இத்தகைய செயலி வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் போதும். இதைவிடக் கடுமையானது ‘அணுகல்தன்மை’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளோருக்காக உருவான அந்த வசதியைப் பெற்ற செயலி, திரையில் தோன்றும் யாவற்றையும் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் வல்லது. திரைவாசிப்பான் போன்ற உதவிச் செயலிகளுக்கு அது தேவை; வாழ்த்துப் படம் செய்யும் செயலிக்கு ஏன்?

அதிகாரப்பூர்வ அங்காடியில் கிடைப்பதாலேயே ஒரு செயலி நம்பகமானதாகிவிடாது. 2023 ஆகஸ்டில் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘சிக்னல் பிளஸ் மெசஞ்சர்’, ‘ஃபிளைகிராம்’ என்ற இரண்டு போலிச் செயலிகளை அம்பலப்படுத்தினார்கள். இரண்டும் கூகுள் பிளே ஸ்டோரிலும் சாம்சங்கின் அங்காடியிலும் இடம்பெற்றிருந்தவை. ஃபிளைகிராமுக்கான இணைப்பு, சீனாவில் ஒடுக்குமுறைக்கு உள்ளாகும் உய்குர் மக்களின் டெலிகிராம் குழு ஒன்றில் பகிரப்பட்டிருந்தது. சிக்னல் பிளஸ், பயனருக்குத் தெரியாமலே அவருடைய சிக்னல் கணக்கைத் தாக்குபவரின் கருவியோடு இணைத்துவிட்டது. அதன்பின் அவர் உடைக்க வேண்டிய மறையாக்கம் எதுவுமில்லை. எல்லாச் செய்திகளும் அவருக்கும் முறைப்படியே வந்து சேர்ந்தன. பாதுகாப்பைத் தேடியவர்களைப் பாதுகாப்பின் பெயராலேயே பிடித்த இந்த உத்தி, ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றும் எவருக்கும் பாடமாகும். அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர்களும் தப்பவில்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக் வால்ட்ஸ் பயன்படுத்தியது, டெலிமெசேஜ் என்ற நிறுவனம் மாற்றியமைத்த சிக்னல் என்பது 2025 மே மாதத்தில் தெரியவந்தது. அடுத்த சில நாட்களில் அந்நிறுவனத்தின் தரவு ஊடுருவப்பட்டு, சேவையே நிறுத்தப்பட்டது.

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் ஆகிய மூன்றின் அமைப்புப் பக்கத்திலும் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் உண்டு. அதைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகும். நமக்குத் தெரியாத கணினியோ கைப்பேசியோ அதில் இருந்தால் உடனே வெளியேற்றிவிடலாம். கைப்பேசியைச் சில நிமிடம் வாங்கி, ஒரு கட்டத்தை வருடி, பெண்களின் உரையாடலை மாதக்கணக்கில் படிக்கும் ஆண்கள் பலர் பயன்படுத்துவதும் இதே வசதியைத்தான்.

மறந்துபோன சாவிகள்

‘முகநூல் கணக்கின் மூலம் நுழைக’, ‘கூகுள் கணக்கின் மூலம் நுழைக’ என்ற பொத்தான்கள் வேறொரு வகை. இவற்றை அழுத்தும்போது நம் கடவுச்சொல் அந்தச் செயலிக்குப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஓர் அனுமதிச் சாவி போகிறது. கருத்துக்கணிப்பு நடத்தும் தளம், பல கணக்குகளில் ஒரே நேரத்தில் பதிவிடும் கருவி, யார் நம்மைப் பின்தொடர்வதை நிறுத்தினார் என்று சொல்லும் செயலி என ஆண்டுக்கணக்கில் கொடுத்த சாவிகள் குவிந்து கிடக்கின்றன. கைப்பேசியிலிருந்து செயலியை அகற்றினாலும் சாவி திரும்பி வராது. கடவுச்சொல்லை மாற்றினாலும் பல தளங்களில் அது செல்லாததாகிவிடுவதில்லை. முகநூல், கூகுள், எக்ஸ் கணக்குகளின் அமைப்புப் பக்கத்தில் இணைக்கப்பட்ட செயலிகளுக்கான பகுதிக்குச் சென்று ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அப்போதும் அதுவரை எடுக்கப்பட்ட தரவு எடுக்கப்பட்டதே. முகநூல் கடவுச்சொல்லைத் திருடவென்றே உருவாக்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட செயலிகளை 2022 அக்டோபரில் மெட்டா பட்டியலிட்டது. அவற்றுள் மிகுதியானவை புகைப்படத்தை அழகுபடுத்தும் செயலிகள். நுழைவுப் பொத்தான் போலத் தோன்றிய பக்கம், உண்மையில் கடவுச்சொல்லை நேரே வாங்கிக்கொண்டது.

இயக்கத்தின் முகநூல் பக்கத்தை நிர்வகிப்பவர் ஒருவர் இத்தகைய செயலியிடம் சிக்கினால், பறிபோவது அவருடைய கணக்கு மட்டுமன்று. பல்லாண்டு உழைப்பில் திரண்ட பக்கமும் அதன் உட்பெட்டிக்கு வந்த புகார்களும்தான். நம் செய்திகளுக்குப் பெருநாளிதழ்கள் இடம் தராத காலத்தில் தலித் கேமரா, ரவுண்ட் டேபிள் இந்தியா போன்றவை இணையத்தில்தான் தமக்கான இடத்தைக் கட்டிக்கொண்டன. எனவே சமூக ஊடகத்தை விட்டு விலகுங்கள் என்ற அறிவுரை நமக்குப் பொருந்தாது. அது வசதி உள்ளோரின் அறிவுரை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது நல்லது. 2019இல் வாட்ஸ்அப் வழியே பெகாசஸ் உளவு மென்பொருள் ஏவப்பட்ட சுமார் 1,400 கருவிகளுள் தம்முடையதும் ஒன்று என்று வெளிப்படையாகக் கூறியவர்களில் ஆனந்த் டெல்டும்டேயும் சத்தீஸ்கரைச் சேர்ந்த தலித் உரிமைச் செயற்பாட்டாளர் டிகிரி பிரசாத் சௌகானும் இருந்தனர். அதற்கு அவர்கள் எந்தச் செயலியையும் நிறுவியிருக்கவில்லை; ஓர் அழைப்பே போதுமானதாக இருந்தது. அந்த அளவிலான தாக்குதலைச் செயலிகளில் எச்சரிக்கையாக இருப்பதால் தடுத்துவிட முடியாது. ஆனால் அதே ஆண்டில் மனித உரிமைக் காப்பாளர்கள் ஒன்பது பேருக்கு, ‘நெட்வயர்’ என்ற மலிவான உளவு மென்பொருளை ஏற்றும் இணைப்புகள் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன என்று சிட்டிசன் லேப், ஆம்னெஸ்டி ஆகிய அமைப்புகள் 2020 ஜூனில் வெளியிட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பீமா கோரேகான் வழக்கில் கைதானோருக்காகக் குரல் கொடுத்தவர்கள். நெட்வயருக்கு ஒருவர் ஏமாந்து ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். ‘அரசு நினைத்தால் எதையும் செய்யும், நாம் என்ன செய்ய முடியும்’ என்ற சலிப்பு நம்மிடையே பரவலாக இருக்கிறது. நம் ஊர்களில் சாட்சியின் எண்ணைத் தேடுபவர் பெரும்பாலும் அரசு அல்லர், எதிர்த்தரப்பின் உறவினர். அவரிடம் பெகாசஸ் இல்லை. குழுவில் இருக்கும் யாரோ ஒருவரின் கவனக்குறைவுதான் அவருக்கான வழி.

சான்றும் சட்டமும்

கோகுல்ராஜ் கொலை வழக்கில் முதன்மைச் சாட்சி பிறழ்சாட்சியானார். அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியதற்கும், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததற்கும், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியமான துணையாக இருந்தது. மனிதச் சாட்சி மிரட்டப்படும் இடத்தில் மின்னணுச் சான்று நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. பதிவின் ‘ஹாஷ்’ மதிப்பும் அச்சான்றிதழில் குறிக்கப்பட வேண்டும். பிறர் அனுப்பிய செய்தியை மாற்றிக் காட்டும் வசதிகளோடு வரும் செயலியிலிருந்து எடுத்த உரையாடலை நீதிமன்றத்தில் வைத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை எளிதாகிவிடும். எனவே மிரட்டல் ஒலிப்பதிவோ காணொளியோ கிடைத்தால், அது முதலில் பதிவான கருவியிலேயே மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதும், எந்தத் திருத்தச் செயலியிலும் ஏற்றாமல் நகலெடுப்பதும் இன்றியமையாதவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. ‘ஆவணமாக’ அனுப்பினால் கோப்பு பெரும்பாலும் அப்படியே செல்லும்.

சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்பை மிகைப்படுத்த வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் 2019இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, ‘சாதி அல்லது பழங்குடி’ என்ற விவரத்தைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய நுண்ணுணர்வுத் தரவுகளுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அம்மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. ஒருவரின் சாதி கசிவதும் அவருக்குப் பிடித்த நிறம் கசிவதும் அச்சட்டத்தின் முன் ஒரே வகைத் தரவு. சாதி என்னும் விவரம் வெளியானதால் வீடு இழப்போரும் உயிர் இழப்போரும் உள்ள நாட்டில் இதைத் தற்செயலான விடுபடல் என்று நாம் கருதவில்லை.

மேலும் உள்ளன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஓரளவு வழிதந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவை நீக்கவும் புதிய சட்டம் வகைசெய்கிறது. அடிப்படையற்ற புகார் கொடுத்ததாகக் கருதப்படும் குடிமகனுக்கோ 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. வன்கொடுமைப் புகார்கள் ‘பொய்ப் புகார்’ என்று முத்திரை குத்தப்படுவதைக் கண்டு பழகிய நமக்கு, இந்த ஏற்பாட்டின் தொனி புதிதன்று. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

ஒப்புநோக்க ஒன்றைச் சொல்லலாம். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை எடுத்து, கடனாளியின் உறவினர்களுக்கெல்லாம் இழிவான செய்திகளை அனுப்பிய கொடுமைகளுக்குப் பின், 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, அச்செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆக, தடை விதிப்பது இயலாத செயலன்று. சமூக ஊடகத்தைச் சுற்றியுள்ள செயலிகளுக்கும் அதே தடையைக் கேட்பது நம் அமைப்புகளின் கோரிக்கைகளுள் இடம்பெற வேண்டும்.

அதுவரை, செய்யக்கூடியவை நம் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. வழக்குத் தொடர்பான எண்களைப் பொதுக் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலில் சேர்க்காதிருப்பது முதலாவது. சேர்த்தே ஆக வேண்டுமெனில் ஊர், சாதி, வழக்கு இவற்றைச் சுட்டாத பெயரில் சேர்க்கலாம். ஐபோனில் 18ஆம் பதிப்பு முதல், குறிப்பிட்ட சில எண்களை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கொடுத்தால் முழுப் பட்டியல், இல்லையேல் ஒன்றுமில்லை. இரண்டாவது கைப்பேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீடுகள் நம்முடையவை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘இரண்டாம் பயனர்’ என்ற வசதி செலவின்றி இருக்கிறது. அதில் தனித் தொடர்புப் பட்டியல், தனிச் செயலிகள். விளையாட்டையும் படச் செயலிகளையும் ஒரு பக்கமும் இயக்கப் பணியை மறுபக்கமும் வைத்துக்கொள்ளலாம். சிக்னலில் 2024 முதல், எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரால் மட்டும் தொடர்புகொள்ளலாம் என்பதும் பாதிக்கப்பட்ட பெண்களோடு பேசும் தன்னார்வலர்களுக்குப் பயன்படும்.

இருநூறு பேர் உள்ள பொதுக் குழுவில் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பகிரும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அதில் புகார்தாரரின் முகவரி இருக்கிறது. பல நேரங்களில் சாட்சிகளின் பெயர்களும் இருக்கின்றன. ஒரு வழக்குக்கு ஐந்தாறு பேர் கொண்ட தனிக் குழு போதும். அந்த ஐந்தாறு பேரும் அதிகாரப்பூர்வச் செயலியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை நேரில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். அப்படிக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. கூட்ட அறிவிப்புகளை மொத்தமாக அனுப்பித் தருவதாகச் சொல்லும் கருவிகளிடம் உறுப்பினர் எண்களை ஏற்றுவதைவிட, பொறுப்பாளர்கள் பகுதிவாரியாகப் பிரித்து அனுப்புவது மெதுவானதே. ஆனால் பட்டியல் கைமாறாது. வழக்கு முடிந்ததும் குழுவைக் கலைக்கும் நாளைத் தொடக்கத்திலேயே குறித்துவிடலாம். கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லும் மாணவரின் கைப்பேசியிலிருந்து அந்த எண்கள் நீக்கப்பட்டனவா என்று கேட்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யலாம்.